பாடல் படைப்பாளரும் நிகழ்த்துரிமை அமைப்பும்: அமெரிக்காவில் தேர்ந்தெடுக்கும் முறை

நிகழ்த்துரிமை அமைப்பு என்பது, ஒரு பாடல் பொதுமக்கள் கேட்கும்படி வானொலி, தொலைக்காட்சி, மேடை, உணவகம், இணையம் முதலிய இடங்களில் ஒலிக்கும்போது அதற்குரிய தொகையை வசூலித்து, பாடலைப் படைத்தவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் பிரித்துக் கொடுக்கும் நிறுவனம் ஆகும். இத்தொகை உரிமத்தொகை அல்லது ராயல்டி எனப்படுகிறது.

பெரும்பாலான நாடுகளில் இப்பணியைச் செய்ய ஒரே ஓர் அமைப்புதான் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஆஸ்காப், பிஎம்ஐ, செசாக், ஜிஎம்ஆர் என்ற நான்கு முக்கிய அமைப்புகள் இருக்கின்றன. ஒரு படைப்பாளர் ஒரு நேரத்தில் இவற்றுள் ஒன்றில் மட்டுமே இருக்க முடியும். ஆகவே, எதில் சேர்வது என்ற கேள்வி புதிதாகப் பாடல் எழுதத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை காணத் தேவையான செய்திகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழில் பாடலாசிரியர் என்றால் பாட்டு வரிகளை எழுதியவர் என்றே பொருள் கொள்கிறோம். உரிமைச் சட்டத்தில் வரிகளை எழுதியவரும் மெட்டமைத்தவரும் சேர்ந்தே பாடலின் படைப்பாளர்கள். இக்கட்டுரையில் படைப்பாளர் என்ற சொல் இவ்விருவரையும் குறிக்கும்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்துகள்

ஒரு பாட்டை வானொலியில் கேட்கும்போது நம் காதில் விழுவது சட்டப்படி இரண்டு தனித்தனிச் சொத்துகள். முதலாவது, வரியும் மெட்டும் சேர்ந்த இசைப்படைப்பு. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட பாடகர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு. இசைப்படைப்பு அதை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் உரியது. ஒலிப்பதிவு பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்துக்கு உரியது.

இந்த வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் எளிதில் அறியலாம். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற பாடலை எழுதியவர் டாலி பார்ட்டன். அவரே பாடி அதை 1974இல் வெளியிட்டார். 1992இல் 'தி பாடிகார்ட்' திரைப்படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதைப் பாடியபோது அது உலகெங்கும் பரவியது. ஹூஸ்டனின் குரலில் அப்பாடல் அமெரிக்க வானொலியில் ஒலிக்கும்போதெல்லாம் நிகழ்த்துரிமைத் தொகை படைப்பாளரான பார்ட்டனின் பக்கத்துக்கே போகிறது. பாடியவருக்கு அமெரிக்காவின் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலிகள் எதையும் தரச் சட்டத்தில் கட்டாயம் இல்லை.

நிகழ்த்துரிமை அமைப்புகள் கையாள்வது முதல் சொத்தாகிய இசைப்படைப்பை மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன எல்லாம் தெளிவாகப் புரியும்.

வரலாறு

அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற தொடக்ககாலப் பாடல் படைப்பாளர்களில் ஒருவர் ஸ்டீபன் ஃபாஸ்டர். அவருடைய பாடல்கள் நாடெங்கும் மேடைகளில் பாடப்பட்டன. ஆனால் மேடையில் பாடுவோர் படைப்பாளருக்குப் பணம் தரவேண்டும் என்று அக்காலச் சட்டம் சொல்லவில்லை. இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனையில் கிடைத்ததே அவருக்கு வருமானம். 1864 ஜனவரியில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் 37ஆம் வயதில் அவர் இறந்தபோது பணப்பையில் இருந்தது 38 சென்ட் மட்டுமே.

அதற்கு முன்பே பிரான்சில் ஒரு வழி பிறந்திருந்தது. 1847இல் பாரிஸின் ஒரு கஃபேயில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர், தம் படைப்பை அங்கே காசு தராமல் நிகழ்த்துவதைக் கேட்டார். இசைக்கு அவர்கள் பணம் தராதபோது பானத்துக்குத் தாமும் பணம் தரப்போவதில்லை என்று மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் ஊரில் உள்ள எல்லாக் கடைகளிலும் போய் ஒரு தனிமனிதர் வசூலிக்க முடியுமா? அதற்காகப் படைப்பாளர்களும் பதிப்பாளர்களும் கூடி 1851இல் சாசெம் என்ற சங்கத்தை அமைத்தனர். உலகின் முதல் நிகழ்த்துரிமை அமைப்பு அதுவே.

அமெரிக்காவில் 1897ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் இசைப்படைப்புக்குப் பொது நிகழ்த்துரிமையை வழங்கியது. 1914 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கில் விக்டர் ஹெர்பர்ட் முதலிய இசையமைப்பாளர்கள் சேர்ந்து ஆஸ்காப் சங்கத்தைத் தொடங்கினர். உணவகங்கள் பணம் தர மறுத்தன. 'நாங்கள் சாப்பாட்டுக்குத்தான் காசு வாங்குகிறோம், இசைக்கு நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை' என்பது அவற்றின் வாதம். ஷான்லி என்ற உணவகத்துக்கு எதிராக ஹெர்பர்ட் தொடுத்த வழக்கில் 1917இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் இசைக்கும் ஒரு பங்கு அடங்கியிருக்கிறது என்று நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் முடிவு செய்தார். இன்றைய வசூல் முறை முழுவதும் இந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறது.

வானொலி வளர்ந்தபோது ஆஸ்காப் கேட்ட கட்டணமும் உயர்ந்தது. அதை எதிர்த்த ஒலிபரப்பாளர்கள் 1939இல் தங்களுக்கென பிஎம்ஐ என்ற போட்டி அமைப்பைத் தொடங்கினர். 1941 ஜனவரி முதல் ஏறத்தாழப் பத்து மாதங்கள் பெரிய வானொலி வலைப்பின்னல்கள் ஆஸ்காப் பாடல்களை ஒலிபரப்பவே இல்லை. அந்த மாதங்களில் உரிமைக்காலம் முடிந்த பழைய பாடல்களே மீண்டும் மீண்டும் ஒலித்தன. அவற்றுள் முதன்மையானவை ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாடல்கள். 38 சென்ட்டுடன் இறந்தவரின் பாட்டு, இலவசம் என்பதற்காகவே நாடெங்கும் ஒலித்தது.

இப்போட்டியால் ஒரு நன்மையும் விளைந்தது. தொடக்ககால ஆஸ்காப்பில் நியூயார்க் நாடக இசையும் நகரத்து வெகுமக்கள் பாடல்களும் எழுதியவர்களே மிகுதி. புளூஸ், நாட்டுப்புறப் பாணி இசை ஆகியவற்றைப் படைத்தவர்களில் பலருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. கறுப்பினப் படைப்பாளர்களுள் சிலர் தொடக்க உறுப்பினராக இருந்தபோதும், ஜெல்லி ரோல் மார்ட்டன் போன்ற ஜாஸ் மேதை 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்த பிஎம்ஐ பாடல்களைத் தேடி இவர்களிடம் சென்றது.

நான்கு அமைப்புகள்

ஆஸ்காப்: உறுப்பினர்களே உரிமையாளர்களாக உள்ள, இலாப நோக்கமற்ற சங்கம். படைப்பாளர்களும் பதிப்பாளர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக்குழு இதை நடத்துகிறது. விண்ணப்பிக்கும் படைப்பாளர்களுக்குக் கதவு திறந்தே உள்ளது.

பிஎம்ஐ: இதுவும் யாவருக்கும் திறந்த அமைப்பு. ஒலிபரப்பாளர்களால் தொடங்கப்பட்டு நெடுங்காலம் இலாபம் கருதாமல் நடந்தது. 2022இல் இலாப நோக்குள்ள நிறுவனமாக மாறுவதாக அறிவித்தது. 2024 பிப்ரவரியில் நியூ மவுண்டன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான குழுவுக்குக் கைமாறியது.

செசாக்: 1930இல் ஐரோப்பியப் பதிப்பாளர்களின் இசைக்காகத் தொடங்கப்பட்டது. தனியார் இலாப நிறுவனம். அழைப்பு பெற்றவர்களே இதில் சேரலாம். 1990களில் பாப் டிலன், நீல் டயமண்ட் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டதால் இதன் மதிப்பு உயர்ந்தது. 2017இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் இதை வாங்கியது.

ஜிஎம்ஆர்: குளோபல் மியூசிக் ரைட்ஸ் என்பதன் சுருக்கம். 2013இல் இசைத்துறை மேலாளர் இர்விங் அசோஃப் தொடங்கினார். இதிலும் அழைப்பின்றிச் சேர முடியாது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் போன்ற மிகப் புகழ்பெற்ற சிலரின் பாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு உயர்ந்த கட்டணம் பேசி வாங்குவது இதன் வழி.

முதலிரண்டு அமைப்புகளுக்கும் மற்ற இரண்டுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. 1941இல் அமெரிக்க நீதித்துறை, ஆஸ்காப், பிஎம்ஐ இரண்டையும் ஒப்புதல் ஆணை என்ற நீதிமன்றக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தது. பலமுறை திருத்தப்பட்டு அது இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி, கேட்பவர் எவருக்கும் இவ்விரு அமைப்புகளும் உரிமம் வழங்க வேண்டும். கட்டணத்தில் உடன்பாடு ஏற்படாவிட்டால் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும். செசாக், ஜிஎம்ஆர் ஆகியவற்றுக்கு இத்தகைய ஆணை இல்லை.

புதிய படைப்பாளர் ஒருவருக்கு அழைப்பு வராத வரையில் செசாக், ஜிஎம்ஆர் இரண்டும் எட்டாக் கனிகளே. எனவே, நடைமுறையில் கேள்வி ஆஸ்காப்பா, பிஎம்ஐயா என்ற அளவில் சுருங்கிவிடுகிறது.

பணம் வரும் வழி

ஒரு வானொலி நிலையமோ உணவகமோ ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க இயலாது. ஆகையால் அமைப்பிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, அதன் பட்டியலில் உள்ள எல்லாப் பாடல்களையும் பயன்படுத்தும் மொத்த உரிமத்தைப் பெறுகிறது. எந்தப் பாட்டை எந்த அமைப்பு வைத்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாதாகையால், பெரிய நிலையங்கள் நான்கு அமைப்புகளிடமும் உரிமம் பெற்றுவிடுவது வழக்கம்.

சிறிய கடைகளுக்கு ஒரு விலக்கு உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 3,750 சதுர அடிக்குக் குறைவான உணவகங்களும் 2,000 சதுர அடிக்குக் குறைவான பிற கடைகளும் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பை வைப்பதற்கு உரிமம் பெற வேண்டியதில்லை. அதே கடையில் இசைக்குழு வந்து பாடினாலோ இசைத்தட்டு போட்டாலோ உரிமம் தேவை.

இவ்வாறு சேர்ந்த பணத்தில் நிருவாகச் செலவு போக எஞ்சியது, எந்தப் பாட்டு எங்கே எத்தனை முறை ஒலித்தது என்ற கணக்கின்படி பிரிக்கப்படுகிறது. பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை பணம் வழங்கப்படும். பாட்டு ஒலித்த நாளுக்கும் பணம் கையில் வரும் நாளுக்கும் இடையே ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தொகை இன்னும் தாமதமாகும்.

ஒவ்வொரு பாட்டின் தொகையும் சரிபாதியாகப் பிரிகிறது. ஒரு பாதி படைப்பாளர் பங்கு. மறுபாதி பதிப்பாளர் பங்கு. இங்கே பதிப்பாளர் என்பவர் புத்தகம் அச்சிடுபவரோ இசைத்தட்டு வெளியிடுபவரோ அல்லர். பாடலின் உரிமையை நிருவகித்து, அதற்கு வாய்ப்புகளைத் தேடித் தருபவர்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வரிகளை ஒருவரும் மெட்டை ஒருவரும் எழுதி, ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டார்கள் என வைத்துக்கொள்வோம். பாடலுக்கு 1,000 டாலர் சேர்ந்திருக்கிறது. படைப்பாளர் பங்கு 500, பதிப்பாளர் பங்கு 500. ஒவ்வொருவருக்கும் படைப்பாளராக 250 டாலர் உண்டு. தனிப் பதிப்பாளர் எவருக்கும் உரிமையைக் கொடுக்காமல் தாமே வைத்திருந்தால், பதிப்பாளர் பங்கிலும் ஆளுக்கு 250 டாலர் உண்டு. இப்போது, மெட்டமைத்தவர் எந்த அமைப்பிலும் சேரவில்லை என்றால் என்ன ஆகும்? அவருடைய 500 டாலர் மற்றவருக்குப் போகாது. அவர் வாங்காத தொகையாகவே நின்றுவிடும்.

பதிப்பாளர் பங்கின் அருமையை டாலி பார்ட்டனின் வாழ்க்கையிலிருந்தே அறியலாம். மேலே சொன்ன அவருடைய பாடலை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். பதிப்புரிமையில் பாதியைத் தரவேண்டும் என்று பிரெஸ்லியின் மேலாளர் நிபந்தனை விதித்தார். பார்ட்டன் வருந்தியபடியே மறுத்துவிட்டார். பிரெஸ்லி அதைப் பதிவு செய்யவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஹூஸ்டனின் குரலில் அப்பாடல் வெற்றி பெற்றபோது அந்த மறுப்பின் பயன் தெரிந்தது.

சேருமுன் ஆராய வேண்டியவை

எந்த அமைப்பு அதிகப் பணம் தரும் என்பதுதான் பலரும் முதலில் கேட்கும் கேள்வி. இதற்கு உறுதியான விடை இல்லை. ஒவ்வோர் அமைப்பும் தனக்கென ஒரு கணக்கீட்டு முறை வைத்திருக்கிறது. அம்முறைகள் அவ்வப்போது மாறுகின்றன. ஒரே பாட்டைச் சேர்ந்தெழுதி வெவ்வேறு அமைப்பில் உள்ள இருவருக்கு ஒரே காலாண்டில் வெவ்வேறு தொகை வருவதுண்டு. அடுத்த காலாண்டில் அது தலைகீழாகவும் ஆகலாம். எனவே, கீழ்க்காணும் செய்திகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும்.

1. ஒப்பந்தக் காலம். ஆஸ்காப் ஒப்பந்தம் நெடுங்காலமாக ஓராண்டுக் கணக்கிலும், பிஎம்ஐயின் படைப்பாளர் ஒப்பந்தம் ஈராண்டுக் கணக்கிலும் இருந்து வந்துள்ளன. விலகுவதாக உரிய காலத்தில் எழுதித் தராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே நீளும். விலகல் கடிதம் தருவதற்கான மாதங்களைக் கையெழுத்திடும் நாளிலேயே நாட்காட்டியில் குறித்து வைப்பது நல்லது.

2. விலகிய பின் பழைய பாடல்களின் நிலை. ஆள் வேறு அமைப்புக்கு மாறினாலும், முன்பே உரிமம் வழங்கப்பட்ட பாடல்கள் அந்த உரிமங்கள் முடியும்வரை பழைய அமைப்பிலேயே தங்கிவிடலாம். ஒப்பந்தத்தில் இதைச் சொல்லும் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

3. பதிப்பாளர் இல்லாதவரின் பதிப்பாளர் பங்கு. பதிப்பாளர் எவரும் குறிக்கப்படாத பாடலுக்கு முழுத்தொகையையும் படைப்பாளருக்கே பிஎம்ஐ வழங்கி வந்துள்ளது. ஆஸ்காப்பில் பதிப்பாளராகத் தனியே பதிந்துகொண்டு அப்பங்கைப் பெறுவதே மரபாக இருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் என்ன விதி நடப்பில் உள்ளது என்பதைக் கேட்டறிந்து, அதற்கேற்பப் பதிந்துகொள்ள வேண்டும். இதைக் கவனிக்காதவர் தம் வருமானத்தில் பாதியை இழக்கலாம்.

4. சேர்க்கைக் கட்டணம். இது காலத்துக்குக் காலம் மாறுவது. வாழ்நாளில் ஒருமுறை செலுத்தும் சிறு தொகைக்காக மட்டும் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமன்று.

5. நிருவாகம். உறுப்பினர் வாக்களிக்கும் சங்கம் வேண்டுமா, முதலீட்டாளர் நடத்தும் நிறுவனம் வேண்டுமா என்பது ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டியது. சங்கத்தில் ஆட்சிக்குழுத் தேர்தலில் உறுப்பினருக்குக் குரல் உண்டு. முதலீட்டு நிறுவனத்தில் புதிய தொழில்நுட்பத்துக்கு மூலதனம் எளிதாகக் கிடைக்கலாம். ஆனால் வசூலில் ஒரு பகுதி இலாபமாகவும் எடுக்கப்படும்.

6. மேடை நிகழ்ச்சி. சிறு அரங்குகளில் தம் பாடல்களைத் தாமே பாடுபவர்களுக்கு இது முக்கியம். ஆஸ்காப்பில் ஆன்ஸ்டேஜ், பிஎம்ஐயில் பிஎம்ஐ லைவ் என்ற திட்டங்கள் உள்ளன. உரிமம் பெற்ற அரங்கில் பாடிய பாடல்களின் பட்டியலைக் கெடுவுக்குள் அனுப்பினால் அதற்கும் பணம் உண்டு.

7. உதவி கேட்டால் கிடைக்குமா? அருகில் அலுவலகம் இருக்கிறதா, எழுதினால் பதில் வருகிறதா, பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்களா என்பனவற்றை முன்பே சேர்ந்தவர்களிடம் கேட்டறியலாம்.

உடன் எழுதுபவர் வேறு அமைப்பில் இருப்பதால் தாமும் அதிலேயே சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆஸ்காப் உறுப்பினரும் பிஎம்ஐ உறுப்பினரும் சேர்ந்து பாடல் எழுதலாம். அவரவர் பங்கை அவரவர் அமைப்பு வசூலித்துத் தரும். ஆனால் பதிப்பாளர் நிலை வேறு: ஒரு படைப்பாளரின் பதிப்பாளர் பங்கு அவர் இருக்கும் அமைப்பிலேயே பதியப்பட வேண்டும். இதனால்தான் பெரிய பதிப்பாளர்கள் ஒவ்வோர் அமைப்பிலும் வெவ்வேறு பெயரில் ஒரு நிறுவனம் வைத்திருக்கிறார்கள்.

சேர்ந்தபின் செய்ய வேண்டியவை

உறுப்பினராவது முதல் படி மட்டுமே. பாடல்களை ஒவ்வொன்றாகப் பதியாவிட்டால் அமைப்பால் எதையும் வசூலித்துத் தர இயலாது.

ஒவ்வொரு பாடலுக்கும் தலைப்பு, எழுதியவர்கள், ஒவ்வொருவரின் விழுக்காடு, பதிப்பாளர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பாடல் எழுதி முடித்த அன்றே பங்கு விழுக்காட்டை ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திட்டுக்கொள்வது சிறந்த பழக்கம். பாட்டு வெற்றி பெற்ற பிறகு பங்கு பேசினால் நட்பும் கெடும், பணமும் நிற்கும். விழுக்காட்டில் தகராறு உள்ள பாடலின் தொகையை அமைப்பு நிறுத்தி வைக்கக்கூடும்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஐபிஐ எண் என்ற பன்னாட்டு அடையாள எண் கிடைக்கும். பாடலுக்கு ஐஎஸ்டபிள்யூசி என்ற எண் வழங்கப்படும். ஐஎஸ்ஆர்சி என்பது வேறு. அது ஒலிப்பதிவின் எண். ஒரே பாடலைப் பத்துப் பேர் பாடிப் பதிவு செய்தால் ஐஎஸ்டபிள்யூசி ஒன்று, ஐஎஸ்ஆர்சி பத்து. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல பாடல்கள் உரியவரைச் சேராமல் போகின்றன.

தொலைக்காட்சியிலோ திரைப்படத்திலோ பாடல் இடம்பெற்றால், எந்த இசை எத்தனை விநாடி ஒலித்தது என்ற பட்டியலைத் தயாரிப்பாளர் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். அதன் படி ஒன்றைப் படைப்பாளர் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது நல்லது. ஆஸ்காப்பும் பிஎம்ஐயும் 2020 இறுதியில் தொடங்கிய சாங்வியூ என்ற பொதுத் தரவுத்தளத்தில் எவரும் பாடல் பெயரைத் தட்டித் தம் பெயரும் விழுக்காடும் சரியாக உள்ளனவா என்று பார்க்கலாம்.

இவ்வமைப்புகள் வசூலிக்காதவை

நிகழ்த்துரிமை அமைப்பில் சேர்ந்துவிட்டால் எல்லாப் பணமும் வந்துவிடும் என்று எண்ணுவது பரவலான தவறு. ஒரே பாட்டுக்கு வேறு வாசல்களிலும் பணம் காத்திருக்கிறது.

படியெடுப்பு உரிமை: இசைத்தட்டில் பதிவதற்கும், ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் கேட்பவர் விரும்பிய பாட்டை ஒலிக்கச் செய்வதற்கும் படைப்பாளருக்கு உரிய தனித்தொகை இது. 2018ஆம் ஆண்டு இசை நவீனமயச் சட்டத்தின்படி, அமெரிக்காவில் இணையச் சேவைகளின் படியெடுப்புத் தொகையை 2021 ஜனவரி முதல் எம்எல்சி என்ற அமைப்பு வசூலிக்கிறது. அதில் தனியே சேர வேண்டும்.

ஒலிப்பதிவின் இணைய ஒலிபரப்பு: செயற்கைக்கோள் வானொலி, இணைய வானொலி ஆகியவற்றிலிருந்து பாடியவருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் வரும் தொகையைச் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் வசூலிக்கிறது. அதில் 50 விழுக்காடு உரிமையாளருக்கு, 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கு, 5 விழுக்காடு பின்னணிக் கலைஞர்களுக்கு. தாமே எழுதித் தாமே பாடிப் பதிவு செய்பவர் இதிலும் சேர வேண்டும்.

காட்சியோடு இணைக்கும் உரிமை: பாடலைத் திரைப்படத்திலோ விளம்பரத்திலோ சேர்ப்பதற்கான தொகையை உரிமையாளர் நேரடியாகப் பேசி வாங்க வேண்டும்.

திரையரங்கு: 1948இல் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக, அமெரிக்கத் திரையரங்குகளில் படம் ஓடும்போது ஒலிக்கும் இசைக்கு நிகழ்த்துரிமைத் தொகை வசூலிக்கப்படுவதில்லை. அதே படம் ஐரோப்பாவில் ஓடினால் தொகை உண்டு.

சேராமலும் பதியாமலும் விடுவதால் நிற்கும் பணம் சிறிதன்று. எம்எல்சி செயல்படத் தொடங்கிய 2021இல், உரியவர் யாரென்று தெரியாமல் தம்மிடம் தேங்கியிருந்த படியெடுப்புத் தொகையை இணையச் சேவைகள் அதனிடம் ஒப்படைத்தன. அது ஏறத்தாழ 42.4 கோடி டாலர். கேட்பாரற்ற இத்தகைய தொகையைக் குறிப்பிட்ட காலம் காத்திருந்தபின் மற்றப் படைப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் சந்தைப் பங்கின்படி பிரித்துக் கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதாவது, பதியாதவரின் பணம் பதிந்தவருக்குப் போகும்.

பிற நாடுகளும் இந்தியாவும்

பிரிட்டனில் பிஆர்எஸ், கனடாவில் சோகன் என ஒவ்வொன்றே உள்ளன. எனவே லண்டனிலோ டொராண்டோவிலோ வாழ்ந்து பாட்டெழுதும் தமிழர் ஒருவருக்கு உள்நாட்டில் தேர்வு செய்ய வேண்டிய சிக்கல் இல்லை. நாடுகளின் அமைப்புகள் தமக்குள் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதால், ஒரு நாட்டின் உறுப்பினருடைய பாடல் இன்னொரு நாட்டில் ஒலித்தாலும் தொகை சுற்றி வந்து சேரும்.

இந்தியாவில் 1969இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் இப்பணியைச் செய்கிறது. ஒரே வகைப் படைப்புக்குச் சாதாரணமாக ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்களைப் பதிவு செய்யக்கூடாது என்பது இந்தியச் சட்டத்தின் நிலை. 1977இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், திரைப்படப் பாடல்களின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமே நின்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. திரைப்படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவது தவிர, மற்றப் பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அவ்வுரிமையை வாரிசுகளுக்கோ, வசூலிப்பதற்காகப் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் இத்தகைய சட்டப் பாதுகாப்பு இல்லை. அங்கே படைப்பாளர் கையெழுத்திடும் ஒப்பந்தமே அவருக்குக் காவல்.

முடிவு

ஆஸ்காப், பிஎம்ஐ இரண்டும் இலட்சக்கணக்கான படைப்பாளர்களுக்குப் பணம் வழங்கிவரும் நிலைத்த அமைப்புகள். இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் பெருந்தவறு நேர்ந்துவிடாது. விதிகளை ஒப்பிட்டு ஒன்றில் சேர்ந்து, ஒப்பந்தம் முடியும்போது மாறவும் முடியும். இழப்பு நேர்வது பெரும்பாலும் வேறிடங்களில்: எதிலும் சேராமல் காலம் கடத்துவது, பாடலைப் பதியாமல் விடுவது, உடன் எழுதியவரோடு பங்கை எழுதிக்கொள்ளாதது, பதிப்பாளர் பங்கை மறப்பது. ஸ்டீபன் ஃபாஸ்டரின் காலத்தில் கேட்டு வாங்க உரிமையே இல்லை. இன்று உரிமை இருக்கிறது. பதிந்து கேட்பவருக்கே அது பயன்படுகிறது.